மொண்டேவீடியோவில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: கொலோனியா வரை போகலாமா, நகரத்திலேயே இருக்கலாமா?

பொற்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரி மாதத்தில் என் தாயார், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன், நான் ஆகிய மூவரும் புவெனஸ் அயர்ஸில் கப்பலேறி, தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு சிலி வரை செல்லும் பயணத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். கப்பல் முதலில் தொடுகிற துறைமுகம் உருகுவையின் தலைநகரான மொண்டேவீடியோ. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கரை சேர்ந்து, மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும் என்று பயண நிரலில் போட்டிருக்கிறார்கள். நாலரை மணிக்குள் எல்லோரும் கப்பலில் இருந்தாக வேண்டுமாம். இறங்கவும் ஏறவும் பிடிக்கும் நேரத்தைக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஏழு மணி நேரம்தான்.

இந்த ஏழு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒருமித்த முடிவு வரவில்லை. கொலோனியா டெல் சாக்ரமென்டோ என்ற பழைய போர்த்துக்கீசிய ஊரைப் பற்றிப் படித்ததிலிருந்து அதைப் பார்த்தே தீர வேண்டும் என்பது என் ஆசை. கப்பல் நிறுவனமே அங்கே பேருந்தில் ஒரு சுற்றுலா நடத்துகிறது. அதைவிடக் குறைந்த செலவில் வாடகைக் காரிலும் போய்வரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மகனுக்குக் கால்பந்தைத் தவிர வேறு நினைப்பில்லை. முதல் உலகக் கோப்பை நடந்த மைதானம் இருக்கும் ஊருக்கு வந்துவிட்டு, அதைப் பார்க்காமல் போவதா என்று கேட்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

என் தாயாருக்கு வயது எழுபத்து நான்கு. மூட்டுவலி உண்டு என்றாலும், இடையிடையே உட்கார்ந்து இளைப்பாற இடம் கிடைத்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக நடந்துவிடுவார். புதிய ஊர்களைப் பார்ப்பதில் எங்கள் இருவரையும்விட அவருக்கே ஆர்வம் அதிகம். ஆகவே அவரைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவர் இறைச்சி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார். மாட்டிறைச்சிக்குப் பெயர் போன நாட்டில் நண்பகல் உணவுக்கு என்ன செய்வது என்பது எனக்கு உண்மையான கவலை.

அந்தத் துறைமுகத்தில் இறங்கிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தென்திசை எழுதியது:

சகோதரி அவர்களுக்கு வணக்கம். கொலோனியாவை இந்த நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதே என் கருத்து. ஊரின் அழகில் எனக்கு மறுப்பில்லை. 1680-இல் போர்த்துக்கீசியர் நிறுவி, பிறகு நூறாண்டுக் காலம் ஸ்பானியர் கைக்கும் அவர்கள் கைக்குமாக மாறி மாறிப் போன ஊர் அது. அதன் பழைய பகுதியை யுனெஸ்கோ 1995-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் மொண்டேவீடியோவிலிருந்து அங்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர். சாலை நன்றாக இருந்தாலும் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஏழில் ஐந்தை வண்டியிலேயே கழித்துவிட்டு, மிச்சமுள்ள இரண்டு மணி நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தெருக்களில் விரைவது அந்த ஊருக்கும் நியாயமாகாது, உங்கள் தாயாரின் கால்களுக்கும் ஆகாது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தென் அமெரிக்கத் துறைமுகங்களில் மொண்டேவீடியோவைப் போல இறங்கியவுடன் ஊருக்குள்ளேயே நிற்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. உங்கள் பயணம் முடியும் சிலியில், சான் அன்டோனியோ துறைமுகத்தில் இறங்குபவர்கள் தலைநகர் சாந்தியாகோவைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மொண்டேவீடியோவிலோ துறைமுக வாயிலைத் தாண்டிச் சாலையைக் கடந்தால், 1868-இல் திறந்த துறைமுகச் சந்தை எதிரே நிற்கும். அங்கிருந்து பழைய நகரம் தொடங்கிவிடுகிறது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஒரு சிறு நிலமுனையில் ஸ்பானியர் 1724-க்குப் பின் கட்டிய கோட்டை நகரம் அது. கொலோனியாவில் இருந்த போர்த்துக்கீசியர் மேலும் கிழக்கே பரவிவிடாமல் தடுக்கவே இதைக் கட்டினார்கள்.

பெரும்பாலோர் துறைமுகத்திலிருந்து மேல்நோக்கி நடக்கத் தொடங்குவார்கள். நீங்கள் அதை மாற்றிச் செய்யுங்கள். நிலம் துறைமுகத்திலிருந்து சுதந்திரச் சதுக்கத்தை நோக்கி மெல்ல ஏறுகிறது. ஆகவே வாயிலில் ஒரு டாக்சி பிடித்து நேராகப் பிளாசா இன்டிபென்டென்சியா என்கிற அந்தச் சதுக்கத்துக்குப் போய் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து கப்பலை நோக்கி இறங்கி வாருங்கள். தொலைவு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். பெரும்பகுதி வண்டிகள் நுழையாத நடைபாதைத் தெரு. களைப்பு கூடக்கூடக் கப்பலும் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும் என்பது முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

சதுக்கத்தின் நடுவில் குதிரைமேல் அமர்ந்திருப்பவர் அர்திகாஸ். இந்நாட்டின் விடுதலைக்கு வித்திட்டவர். ஆனால் பராகுவையில் அடைக்கலம் புகுந்து, நாடு திரும்பாமலே 1850-இல் அங்கேயே இறந்தார். சிலைக்கு அடியில், தரைக்குக் கீழே, அவருடைய அஸ்திக் கலசத்தை வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த பெரிய கூடம். கலசத்தின் மேல் மட்டும் ஒளி விழும். இரு பக்கமும் பழைய படைச் சீருடையில் காவலர்கள் அசையாமல் நிற்பார்கள். இறங்க நீண்ட படிக்கட்டு இருப்பதால், தாயார் மேலேயே மரநிழல் இருக்கையில் அமர்ந்திருக்க, நீங்களும் மகனும் மாறி மாறிப் போய்வரலாம். அவர் அமர்ந்த இடத்திலிருந்தே பலாசியோ சால்வோ தெரியும். 1928-இல் முடிந்த இந்தக் கோபுரக் கட்டடத்தை வடிவமைத்த மாரியோ பலான்டியே புவெனஸ் அயர்ஸில் உள்ள பலாசியோ பரோலோவையும் கட்டியவர். முந்தைய நாள் அதைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டும் உடன்பிறப்புகள் என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும்.

சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில் தனியே நிற்கும் கல் வாயில்தான் பழைய கோட்டையில் எஞ்சியது. அதைத் தாண்டினால் சரண்டி தெரு. ஓவியர் ஹொவாக்கின் தோரெஸ் கார்சியாவின் பெயரில் அமைந்த அருங்காட்சியகம் அங்கே உள்ளது. 1943-இல் அவர் தென் அமெரிக்காவைத் தலைகீழாக வரைந்தார்; தென்முனை மேலே, பூமத்தியக் கோடு கீழே. நம் வடக்கு தெற்கே இருக்கிறது என்று அறிவித்தவர் அவர். தெற்கு நோக்கிப் பயணம் புறப்படுகிறவர்கள் வாங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. அந்தத் தெருக் கடைகளில் அஞ்சலட்டையாகவே கிடைக்கும்.

அடுத்து வருவது பிளாசா மாத்ரிஸ். ஒரு பக்கம் 1804-இல் திருநிலைப்படுத்திய பேராலயம், எதிர்ப்பக்கம் பழைய நகரசபைக் கட்டடம், நடுவே பளிங்கு நீரூற்று, சுற்றிலும் அடர்ந்த மரங்கள். நீங்கள் வருவது சனிக்கிழமை என்பது நல்வாய்ப்பு. அன்றுதான் இந்த மரங்களின் கீழ் பழம்பொருள் சந்தை கூடும். மாத்தே என்னும் இலைப் பானத்தைக் குடிக்கும் வெள்ளி விளிம்பு கட்டிய குடுவைகள், துருவேறிய சாவிகள், கைப்பிடி தேய்ந்த கரண்டிகள் எல்லாம் துணி விரித்து அடுக்கியிருப்பார்கள். தாயாரை இங்கே அரை மணி நேரமாவது உட்கார வையுங்கள். எதிரே போகிறவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்: இடது அக்குளில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு, அதே கையில் மாத்தே கிண்ணத்தை ஏந்தி, உலோக உறிஞ்சுகுழலைக் கடித்தபடியே மறுகையால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். யாரேனும் உங்களுக்குக் கிண்ணத்தை நீட்டினால் குடித்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுங்கள். நன்றி என்று சொன்னால், போதும், இனி வேண்டாம் என்று பொருள் கொள்வார்கள்.

நடைபாதை ஓடுகள் பல இடங்களில் பெயர்ந்திருக்கும். மழை பெய்திருந்தால் மிதித்தவுடன் அடியிலிருந்து சேற்று நீர் பீறிட்டடிக்கும். தாயாருக்குப் பிடிமானமுள்ள மூடிய காலணி அவசியம். சரண்டியும், அதிலிருந்து சந்தைக்கு இறங்கும் பெரெஸ் காஸ்தெஷானோ தெருவும் சனிக்கிழமை முற்பகலில் ஆள் நடமாட்டத்தோடு இருக்கும். அவற்றைவிட்டு விலகி நிலமுனையின் ஓரத்துச் சந்துகளுக்குள் போக வேண்டாம். கழுத்துச் சங்கிலியைக் கப்பல் அறைப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

துறைமுகச் சந்தையை ஒட்டியே திருவிழா அருங்காட்சியகம் இருக்கிறது. உருகுவையின் கார்னிவல் ஏறத்தாழ நாற்பது நாள் நீளும். நீங்கள் போவதும் அந்தக் காலத்தில்தான். ஊர்வலங்கள் இரவில் நடப்பதால் உங்களால் காண முடியாது. ஆனால் கந்தோம்பே என்னும் தாளக்கலையின் மூன்று வகை முரசுகளை இங்கே அருகில் பார்க்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் காத்துவந்த கலை. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. வாசிப்பதற்கு முன் தெருவோரத்தில் தீ மூட்டி, நாம் பறையைக் காய்ச்சுவது போலவே, அவர்களும் முரசின் தோலைச் சூடேற்றி விறைப்பாக்குவார்கள். உங்கள் தாயாருக்கு அது விளக்காமலே விளங்கும்.

கலங்கரை எழுதியது:

தென்திசை ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. வணிகக் கப்பலில் பணியாற்றிய காலத்தில் நானும் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். மூட்டுவலி உள்ளவர்களுக்கு நடப்பதுதான் துன்பமே தவிர, குளிர்சாதனப் பேருந்தில் சாய்ந்து உட்கார்ந்து போவதல்ல. கொலோனியா வரை வழி நெடுகப் புல்வெளியும் மாட்டு மந்தைகளும், ஊர் நெருங்கும்போது சாலையின் இருமருங்கும் வரிசையாகப் பனை இன மரங்களும் வரும். மறுபடி அந்தப் பக்கம் வரும் வாய்ப்பே இல்லை என்றால், சகோதரியின் ஆசையை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் போவதானால் கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் மட்டுமே போக வேண்டும். கப்பல் தன் சொந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் காத்திருக்கும். காத்திருக்க இயலாது போனால் பயணிகளை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாக வைத்துக்கொண்ட கார் பாதி வழியில் பழுதாகி நின்றால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு விமானமோ பேருந்தோ பிடித்துப் போவது முழுக்க உங்கள் செலவு. குறைந்த கட்டணம் என்பதற்காக 180 கிலோமீட்டர் தொலைவுக்கு வாடகைக் காரில் போகும் எண்ணத்தைத் தயவுசெய்து இன்றே கைவிடுங்கள்.

ஒரு கேள்வி. கப்பலேறுவதற்கு முன் புவெனஸ் அயர்ஸில் தங்குகிறீர்களா? கொலோனியா, லா பிளாட்டா என்னும் அகன்ற ஆற்றுக்கு இக்கரையில் இருந்தால் புவெனஸ் அயர்ஸ் அக்கரையில்தான் இருக்கிறது.

பொற்கொடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆம் ஐயா, கப்பலேறுவதற்கு முன் புவெனஸ் அயர்ஸில் மூன்று இரவுகள் தங்குகிறோம். நடுவில் ஒரு முழு நாள் எந்தத் திட்டமும் இல்லாமல் இருக்கிறது. அங்கிருந்தே கொலோனியாவுக்குப் போகலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாடகைக் கார் யோசனையை விட்டுவிட்டோம்.

தென்திசை எழுதியது:

அப்படியானால் சிக்கல் தீர்ந்தது. புவெனஸ் அயர்ஸிலிருந்து விரைவுப் படகு ஒன்றேகால் மணி நேர அளவில் கொலோனியாவில் சேர்த்துவிடும். காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பினால், ஊருக்கென்று அவசரமில்லாத ஒரு முழுப் பகல் கிடைக்கும். படகுத் துறையிலிருந்து பழைய பகுதி நடக்கும் தொலைவுதான். ஆனால் அங்கே தெருக்கள் உருளைக் கற்கள் பதித்தவை என்பதால் தாயாருக்கு மொண்டேவீடியோவைவிடக் கொலோனியாதான் கடினம். இரண்டையும் வெவ்வேறு நாட்களில் வைத்துக்கொள்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஆவணங்களில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். படகில் ஏறும்போதே நீங்கள் அர்ஜென்டினாவைவிட்டு வெளியேறுகிறீர்கள். மாலையில் மீண்டும் நுழைகிறீர்கள். பிறகு கப்பலில் மறுபடி உருகுவை. அதன்பின் உஷுவாயா போன்ற துறைமுகத்தில் கப்பல் நின்றால் மீண்டும் அர்ஜென்டினா. ஆகவே உங்கள் கடவுச்சீட்டுக்கு விசா தேவைப்படுமானால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா உங்களுக்குப் பயன்படாது. எத்தனை முறை எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள் என்பதைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, அதைக் காட்டியே தூதரகத்திடமும் கப்பல் நிறுவனத்திடமும் கேளுங்கள். ஆவணம் குறைந்தால் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள்.

வலைக்காவலன் எழுதியது:

கொலோனியா வேறு நாளுக்குப் போய்விட்டதால், உங்கள் மகனுக்காக நான் வாதாடலாம் என்று நினைக்கிறேன். சென்டெனாரியோ மைதானம் துறைமுகத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. டாக்சியில் இருபது நிமிடம். 1830-இல் நாட்டின் முதல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததன் நூற்றாண்டு நினைவாகக் கட்டியதால்தான் அந்தப் பெயர். உலகக் கோப்பை ஜூலை 13 அன்று தொடங்கியபோது மைதானமே கட்டி முடிந்திருக்கவில்லை. முதல் ஆட்டங்களை வேறு இடங்களில் நடத்திவிட்டு, நூற்றாண்டு நாளான ஜூலை 18 அன்றுதான் இதைத் திறந்தார்கள். அன்று பெருவை உருகுவை ஒரு கோல் கணக்கில் வென்றது. அந்தக் கோலை அடித்த ஹெக்டர் காஸ்ட்ரோவுக்குச் சிறுவயது விபத்தில் வலது முன்கை போய்விட்டது. ஜூலை 30 அன்று நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசிக் கோலையும் அவரே அடித்தார்.

அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றித் தம்பிக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் மைதானத்துக்குள் நுழையும் முன் சொல்லிவிடுங்கள். யாருடைய பந்தில் ஆடுவது என்பதில் இரு அணிகளும் உடன்படாததால், முதல் பாதியை அர்ஜென்டினாவின் பந்திலும், இரண்டாம் பாதியை உருகுவையின் பந்திலும் ஆடினார்கள். முதல் பாதி முடிந்தபோது அர்ஜென்டினா 2-1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிந்தபோது உருகுவை 4-2 என்று வென்றிருந்தது. பார்வையாளர் மேடைகளின் பெயர்களையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்று கொலொம்ப், இன்னொன்று ஆம்ஸ்டர்டாம். 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் உருகுவை தங்கம் வென்ற இடங்கள் அவை. மேடைக்கு அடியில் உள்ள கால்பந்து அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மைதானத்தின் உள்ளே எட்டிப் பார்க்கலாம். புதுப்பளபளப்பு எதுவும் இருக்காது. வெறும் காரை மேடைகளும், உச்சியில் நூறு மீட்டர் கோபுரமும்தான். எனக்கு அதுவே பிடித்திருந்தது, ஏனெனில் 1930-இல் கட்டியது என்பதை அது மறைக்கவில்லை.

ஆட்டம் நடக்கும் நாளில் அருங்காட்சியகத்துக்குள் போக முடியாது. ஆகவே முந்தைய நாள் இரவு கப்பலிலிருந்தே அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதல் வேலையாக அங்கே போய்விட்டு, திரும்பும் வழியில் கடற்கரைச் சாலையில் வண்டியை விடச் சொல்லுங்கள். ராம்ப்லா என்ற அந்தச் சாலை இருபது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. வழியில் பொசிடோஸ் பகுதியில் இன்னொன்றும் உண்டு: உலகக் கோப்பை வரலாற்றின் முதல் கோலைப் பிரான்சின் லூசியன் லோரான் அடித்த பழைய மைதானம் அங்கேதான் இருந்தது. இப்போது முழுக்கக் குடியிருப்பு. கோல் கம்பம் நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே நடைபாதையில் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தினால் போதும்; கால்பந்துப் பித்துள்ள பையனுக்கு அது மைதானத்தைவிடப் பெரிதாக இருக்கும். தாயாருக்கும் ஏமாற்றம் வேண்டாம்: மைதானம் இருக்கும் அதே பூங்காவில் எருதுகள் பூட்டிய வண்டியின் பெரிய வெண்கலச் சிற்பம் இருக்கிறது. ஹொசே பெஷோனி செய்தது. சேற்றில் சக்கரம் புதைய, எருதுகள் கழுத்தைத் தாழ்த்தி இழுக்கும் அந்தத் தோற்றத்தில் தசைநார்கள்கூடத் தெரியும்.

அகத்திக்கீரை எழுதியது:

அக்கா, உணவைப் பற்றி யாரும் இன்னும் எழுதாததால் நான் எழுதுகிறேன். நானும் முட்டைகூடச் சாப்பிடாதவள்.

துறைமுகச் சந்தையின் இரும்புக் கூரையும் நடுவில் இருக்கும் கடிகாரமும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் உள்ளே இப்போது இருப்பவை பெரும்பாலும் இறைச்சி சுடும் கடைகள். சாய்வான கம்பி அடுப்புகளில் விறகுக் கனலை வாரிப் போட்டு, முழு விலாத் தொடர்களையும் குடல்களையும் அடுக்கியிருப்பார்கள். அம்மாவுக்கு அந்த வாடையும் காட்சியும் ஒத்துக்கொள்ளாது என்றால், அடுப்புகள் மூட்டுவதற்கு முன், காலையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுங்கள். அங்கே சுட்ட குடைமிளகாயும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். ஆனால் இறைச்சி கிடக்கும் அதே கம்பிகளின் மேல்தான் அவற்றையும் வாட்டுகிறார்கள்.

அம்மாவுக்கு ஏற்றது ஃபைனா. கடலைமாவை எண்ணெயும் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, அகன்ற தட்டில் ஊற்றிப் பீட்சா அடுப்பில் சுட்டெடுப்பது; மேலே மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுவார்கள். எந்தப் பீட்சாக் கடையிலும் இருக்கும். ஓரத்துத் துண்டு மெல்லியதாக மொறுமொறுப்பாகவும், நடுத்துண்டு தடித்து மென்மையாகவும் இருக்கும்; எது வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். சில கடைகளில் பாலாடைக்கட்டி சேர்ப்பார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்த ஊரில் பீட்சா என்று மட்டும் கேட்டால் தக்காளிச் சாறு பூசிய வெறும் பீட்சாதான் வரும். பாலாடைக்கட்டி வேண்டுமென்றால் முசரேலா என்றே கேட்க வேண்டும்.

கண்ணுக்குச் சைவமாகத் தெரிந்தும் சைவமல்லாதவை சில உண்டு. மழை நாளில் தெருவோரத்தில் சுடச்சுட விற்கும் தோர்தா ஃப்ரீதா நம் பூரியைப் போலவே இருக்கும். ஆனால் வழக்கமாக மாவில் பிசைவதும் பொரிப்பதும் மாட்டுக் கொழுப்பில். அடுமனைகளில் எடை போட்டு விற்கும் பிஸ்கோச்சோ என்னும் சிறு ரொட்டிகளிலும் பெரும்பாலும் அதே கொழுப்புதான். பாஸ்குவலினா என்ற கீரைப் பணியாரத்தினுள் முழு முட்டை வைத்திருப்பார்கள். கடைகளில் கையால் செய்யும் பாஸ்தாவிலும் முட்டை உண்டு. இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் ஹமோன், அதாவது பன்றி இறைச்சித் துண்டு, சேர்ந்து வந்துவிடும். பலர் அதை இறைச்சிக் கணக்கிலேயே வைப்பதில்லை. ஆகவே "நோ கொமோ கார்னே, நி ஹமோன், நி போஷோ, நி பெஸ்காதோ, நி ஹுவேவோ" என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். நான் இதை ஸ்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, பரிமாறுபவரிடம் நீட்டிவிடுவேன். சலிக்காமல் சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து சொல்வார்கள்.

கப்பலின் காலை உணவிலிருந்து பழமோ தயிரோ கைப்பையில் எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். உருகுவைக்குள் வெளியிலிருந்து பழம், காய்கறி, பால் பொருள், இறைச்சி எதையும் கொண்டுவரத் தடை உண்டு, வாயிலில் சோதிப்பார்கள். பழம் வேண்டுமென்றால் இறங்கிய பின் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் பீச் பழம் மிக நன்றாக இருக்கும்.

பொற்கொடி எழுதியது:

தங்கையே, நீங்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க அம்மாவின் முகம் மலர்ந்தது. கடலைமாவு என்றவுடன் அந்தக் கடையைத் தானே தேடிக் கண்டுபிடிப்பதாகச் சொல்கிறார். இப்போது எங்கள் எண்ணம் இது: காலை எட்டரைக்கு இறங்கி டாக்சியில் மைதானம், கடற்கரைச் சாலை வழியாகப் பதினொன்றரைக்குள் சுதந்திரச் சதுக்கம், அங்கிருந்து நடந்து இறங்கி, இடையில் உணவு, மூன்றரைக்குள் கப்பல். இதில் நேரம் எங்கேனும் இடிக்குமா? பணத்தை எப்படி எடுத்துச் செல்வது என்பதையும் யாரேனும் சொன்னால் நல்லது.

கலங்கரை எழுதியது:

நேரம் இடிக்காது. ஒன்று மட்டும்: கப்பலைக் கரையில் கட்டியபின், துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்த பிறகே பயணிகளை இறக்குவார்கள், சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் முதலில் இறங்கும். எட்டரை என்பதை ஒன்பது என்று வைத்துக்கொண்டால் மனம் பதறாது. அர்ஜென்டினாவுக்கும் உருகுவைக்கும் நேரம் ஒன்றே. கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. காலையில் அறைக்கு வரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படமெடுத்து மூவர் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஏதேனும் இடர் நேர்ந்தால் கப்பலோடு பேசவல்லவர் அவரே.

பணத்தில் ஒரு குறிப்பு. உருகுவையில் விலைப்பலகையில் உள்ள டாலர் குறி அவர்களுடைய பெசோவைக் குறிக்கும். அமெரிக்க டாலரானால் முன்னால் யு, பின்னால் எஸ் சேர்த்து எழுதுவார்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு அமெரிக்க டாலருக்கு 40 பெசோவை ஒட்டிக் கிடைத்துவந்தது. ஆகவே பீட்சாவுக்கு 400 என்று போட்டிருப்பதைப் பார்த்து அம்மா திகைக்க வேண்டாம். உணவகங்களில் கடன் அட்டை செல்லும். டாக்சிக்கும் பழம்பொருள் சந்தைக்கும் மட்டும் கொஞ்சம் பெசோ மாற்றினால் போதும்.

மூன்றரைக்குத் திரும்பினால் துறைமுகத்துக்குள் இன்னும் ஒன்று பார்க்க நேரமிருக்கும். வாயிலருகே ஒரு பெரிய நங்கூரமும், கப்பல் பீரங்கிகளுக்குத் தொலைவு அளந்து சொல்லும் கருவி ஒன்றும் திறந்த வெளியில் வைத்திருப்பார்கள். இரண்டும் ஜெர்மானியப் போர்க்கப்பல் அட்மிரல் கிராஃப் ஸ்பேயுடையவை. 1939 டிசம்பர் 13 அன்று மூன்று கப்பல்கள் கொண்ட பிரிட்டிஷ் அணியோடு மோதிச் சேதமடைந்து, அது இந்தத் துறைமுகத்துக்குள் ஒதுங்கியது. நடுநிலை நாடான உருகுவை 72 மணி நேரம் மட்டுமே தங்க அனுமதித்தது. வெளியே பெரும்படை காத்திருக்கிறது என்று நம்பிய தளபதி லாங்ஸ்டார்ஃப், தம் மாலுமிகளை இறக்கிவிட்டு, டிசம்பர் 17 மாலை கப்பலை வெளியே கொண்டுபோய்த் தாமே வெடி வைத்து மூழ்கடித்தார். கரையெங்கும் மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள். சில நாட்களில் புவெனஸ் அயர்ஸில் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். நங்கூரம் 1964-இலும், அந்தக் கருவி 2004-இலும் லா பிளாட்டா ஆற்றின் அடியிலிருந்து வெளியே வந்தன. கப்பலில் வேலை செய்த எவரும் அந்த நங்கூரத்தைக் கையால் தொடாமல் போவதில்லை. தம்பியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மிச்சமுள்ள பெசோவை அன்றே செலவழித்துவிடுங்கள். அர்ஜென்டினாவிலும் சிலியிலும் அதை நல்ல விலைக்கு மாற்றுவது கடினம். துறைமுகச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் மாத்தே இலைப் பொட்டலம் கிடைக்கும். கப்பலில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை.